இடுப்பில் கட்டிய காப்பு

மோட்டார் சைக்கிள் டயர் பஞ்சரானால் நாமெல்லாம் என்ன செய்வோம்? திட்டிக்கொண்டே கடைக்குத் தள்ளிப் போவோம். சாமி உடனே தள்ளமாட்டார். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, பின்னால் உட்கார்ந்திருக்கிறவரைத் திரும்பிப் பார்த்து, ரொம்ப சாந்தமாகக் கேட்பார்.

"என்ன தப்பு பண்ணின?"

ஒரு தடவை பின்னால் உட்கார்ந்திருந்தது நான். வேலை முடிந்து பஸ் கிடைக்காமல் வெயிலில் நின்றவளைப் பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார். ரோட்டில் கிடந்த ஆணி டயரில் ஏறியதற்கு நான் என்ன செய்திருக்க முடியும்? ஆனாலும் நின்று யோசித்தேன் பாருங்கள். காலையில் சூப்பர்வைசரை மனசுக்குள் நாயே என்று திட்டியது ஞாபகம் வந்தது. சொன்னேன். "ம்" என்று தலையாட்டிவிட்டு, அப்புறம்தான் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். பஞ்சர் ஒட்டி முடித்தவர் மாதிரி முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மலேசியாவில், ஜொகூர் பாரு பக்கத்து மாசாயில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து இரண்டு புளோக் தள்ளி அவர் வீடு. பகலில் பாசிர் கூடாங் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். தைப்பூசம் நெருங்கிவிட்டால் எங்கள் பக்கத்துக் காவடிக் குழுவுக்கு அவர்தான் குரு. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் 'சாமி'. சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு உண்டு, நான் அதை எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைச் சண்டைக்கு இழுக்க ஆள் இருக்கிறது. அத்தனை பேருக்கு அவர் நல்லவர்.

நல்லவர்தான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. சொல்ல முடிந்திருந்தால் என் கோபம் எப்போதோ ஆறியிருக்கும். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று சொன்னபோது ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் தன் காரில் கூட்டிப் போனது அவர். லீவு போட்டுவிட்டு, நம்பர் கூப்பிடும் வரை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கேன்டீனில் நாசி லெமாக் சோறு வாங்கி, கரண்டியைத் துடைத்து, "சாப்பிடுங்கக்கா, வெறும் வயித்துல இருக்காதீங்க" என்பார். எந்தச் சாவு வீட்டிலும் முதலில் நாற்காலி இறக்குவது அவர். எங்கள் அப்பா போனபோதும் அவர்தான் எல்லாம் பார்த்தார். பாடையைத் தூக்கும் முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு இந்த மாதிரி திடீர்னு வந்திருக்குன்னா, குடும்பத்துல யாரோ எதையோ மறைச்சிருக்கீங்க" என்று சொன்னதும் அவர்தான்.

பூசையில் உடைத்த தேங்காய் அழுகியிருந்தால் வரிசையில் நிற்கிற ஒவ்வொருவராகக் கேட்பார். மழை வந்து பந்தல் நனைந்தால் கேட்பார். யாராவது ஒன்றை ஒத்துக்கொள்ளும்வரை விடமாட்டார். பையன்கள் சமயத்தில் அலுத்துப்போய் எதையாவது அள்ளி விடுவார்கள். "சாமி, நான்தான் நேத்து கடையில முட்டை ரொட்டி சாப்பிட்டேன்" என்று ஒருவன் சொன்னான். பின்னால் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அவர் குழுவுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது, வேறு எங்கும் நான் பார்க்காதது. மற்ற இடங்களில் விரதக் காப்பைக் கையில் கட்டுவார்கள். இவர் இடுப்பில் கட்டச் சொல்வார். மஞ்சளில் ஊறவைத்த நல்ல கனமான துணி, நாலு விரல் அகலம், இரண்டு சுற்று. "கையில கட்டினா ஊரு பாக்கும், இடுப்புல கட்டினா முருகன் மட்டும் பாப்பான்" என்பது அவர் பேச்சு. பையன்களுக்கு அவரே முடிச்சுப் போடுவார். பொம்பளைப் பிள்ளைகளுக்கு அவர் மனைவி உள்ளறையில் வைத்துக் கட்டிவிடுவார். பூசம் முடியும்வரை அதை அவிழ்க்கக்கூடாது. காலையும் மாலையும் தலைக்குக் குளிக்கவேண்டும், குளித்தபின் உடம்பைத் துவட்டக்கூடாது, துணி உடம்பிலேயே காயவேண்டும். மருந்து மாத்திரை எதையும் தொடக்கூடாது, திருநீறுதான் மருந்து.

நம் ஊர் புழுக்கத்தில் உடம்பில் எது காயும், சொல்லுங்கள். ஈரத்துணிக்கு மேல் பள்ளிச் சீருடை, அதற்கு மேல் விளையாட்டு வகுப்பு வியர்வை, சாயந்திரம் மறுபடி குளியல். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு வியர்வை சும்மாவே ஊற்றும். அடுப்படியில் ஈரத்தோடு சுருட்டிப் போட்ட கரித்துணி இரண்டு நாளில் என்ன நாற்றம் நாறும் என்று சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். உடம்பில் சுற்றினால் மட்டும் அது வேறு மாதிரி ஆகிவிடுமா?

என் தங்கை ஷாமினிக்கு அப்போது பதினைந்து வயது, பள்ளியில் ஃபார்ம் த்ரீ. அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடியவேண்டும் என்று பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். யாரும் அவளை எடுக்கச் சொல்லவில்லை, தானாகவே போய்ச் சாமியிடம் கேட்டாள். காப்புக் கட்டிக்கொண்டு வந்த அன்று அவள் முகத்தைப் பார்க்கவேண்டும், அம்மாவையே சாவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டவள் மாதிரி இருந்தாள்.

கொஞ்ச நாளில் குழுவில் ஒரு பையனுக்குத் தொடையில் வட்டமாகப் படை வந்தது. அவன் சட்டையில்லாமல் பஜனைக்கு உட்கார்ந்தபோது இடுப்பிலும் தெரிந்திருக்கிறது. சாமி பாட்டை நிறுத்தச் சொன்னார். எல்லோர் முன்னாலும் அவனை எழுந்து நிற்க வைத்தார்.

"விரதத்துல இருக்கிற உடம்புல இது எப்படி வரும்? என்ன தப்பு பண்ணின?"

அந்தப் பையன் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றுமே பண்ணவில்லை என்று அழுதான். காவடி கிடையாது என்று சாமி சொல்லிவிட்டார். வீட்டில் அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டார் என்று அடுத்த நாள் புளோக் முழுக்கப் பேச்சு. பள்ளியில் அவனைப் பிள்ளைகள் 'குராப்' என்று கூப்பிட்டார்கள். மலாயில் படைக்கு அதுதான் பெயர்.

அவனை நிற்க வைத்துக் கேட்டபோது ஷாமினியும் அந்தப் பஜனையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அரிக்க ஆரம்பித்திருந்தது.

எங்களிடம் மூச்சு விடவில்லை. குப்புறப் படுப்பாள், பாவாடையை ஏற்றிக் கட்டுவாள், குளியலறைக்குள் போனால் வரமாட்டாள். "என்னடி இவ்வளவு நேரம்" என்றால் "விரதம்கா" என்பாள். கூடப் படிக்கிற ஒரு பெண் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற சின்ன டப்பா கிரீம் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள், மேலே பெயர்கூடக் கிடையாது. பூசியதும் இரண்டு மூன்று நாள் அரிப்பு நின்றது, சிவப்பும் மங்கியது. அப்புறம் பாருங்கள், வயிறு, முதுகு, தொடை என்று இரண்டு பங்காகப் பரவியது. மருந்து தொட்டதற்குத் தண்டனை என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். கேட்கச் சாமி வேண்டியதில்லை, அதற்குள் அவளே தன்னைக் கேட்கப் பழகியிருந்தாள்.

கடைசியில் பள்ளி டீச்சர்தான் எனக்குப் போன் பண்ணினார். சீருடையின் பின்பக்கம் நீரும் ரத்தமும் கசிந்திருக்கிறது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். கிளினிக்கில் டாக்டர் சட்டையைத் தூக்கச் சொன்னபோதுதான் நானே பார்த்தேன். அலமாக்! துணிக்கு மேலே ஒரு சிவந்த வரம்பு, கீழே ஒரு சிவந்த வரம்பு, நடுவில் அந்த மஞ்சள் துணி. ஓரமெல்லாம் பொடிப்பொடியாகத் தடித்து, சொறிந்த இடத்தில் புண்.  ஒரே வீட்டில் ஒரே பாயில் படுக்கிற பிள்ளை, இத்தனை நாள் இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறது.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. இது பூஞ்சைக் காளான், தோலில் வருகிற சாதாரணக் காளான், உன் வயசுப் பிள்ளைகள் வாரா வாரம் வருகிறார்கள், உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று மலாயில் சொன்னார். அந்த டப்பா கிரீமைப் பற்றிக் கேட்டபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. அதில் அரிப்பை அமுக்குகிற சரக்கு மட்டும் கலந்திருக்கும், மேலே அமுங்கும், உள்ளே காளான் நன்றாகப் பரவும் என்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். முதலில் இந்த ஈரத்துணி போகவேண்டும், அப்புறம்தான் மருந்து.

ஷாமினி இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்கா. வெட்டினா அம்மா செத்துடுவாங்க."

"யாருடி சொன்னா?"

"சாமிய கேளுங்கக்கா. சாமி சரின்னு சொன்னா அவுக்கிறேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், பிடியை விடவில்லை. சரி, அந்த மனுஷன் ஒரு வார்த்தை 'அவிழ்' என்று சொன்னால் முடிந்தது என்று அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். காளான் என்று டாக்டர் சொல்வதையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் சத்தம் நின்றது.

"டாக்டர் சொல்றது இருக்கட்டும்மா. மொதல்ல அந்தப் பிள்ளைய சொல்லச் சொல்லு. என்ன தப்பு பண்ணிச்சு?"

நான் போனைப் பிடுங்கி அணைப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"சாமி... அம்மா வலியில கத்திக்கிட்டே இருந்தாங்க சாமி. மறுநாள் எனக்குப் பரீட்சை. காதைப் பொத்திப் பாத்தேன், முடியல. அம்மா செத்துப்போனாக்கூட இந்தச் சத்தம் நிக்கும்னு... நெனச்சுட்டேன் சாமி."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார். போனில் ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"பாத்தியா," என்றார் சாமி. "இதுதான். இப்ப தெரிஞ்சுபோச்சு. துணிய அவுக்காதம்மா, பூசம் வரைக்கும் தாங்கிக்கோ. நீ தாங்கினாதான் அம்மாவுக்கு நல்லது."

குரலில் கோபம் ஒரு துளி இல்லை, அன்றைக்குப் பஞ்சர் ஆனபோது என்னிடம் காட்டிய அதே திருப்திதான் இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை புண்ணில் துணியோடு உட்கார்ந்து அழுகிறது, அந்த ஆள் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருக்கிறார். இன்றைக்கும் அந்த 'பாத்தியா' காதில் விழுந்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வரும். நாக்கு அழுகிப்போக என்று அன்றைக்குச் சபித்தேன், அதை இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

துணியை வெட்டாமலே மருந்தோடு வீட்டுக்கு வந்தோம். அம்மா பாயில் படுத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஷாமினியே அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, போனில் சொன்னதை முழுக்க மறுபடியும் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"அடியே பைத்தியம். வலி வர்றப்போ நானே எத்தனை தடவ நெனச்சிருக்கேன், செத்துத் தொலைஞ்சா நிம்மதின்னு. எனக்கு ஏன்டி படை வரல?"

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பெரியவளே, அந்த மீன் வெட்டுற கத்தரிக்கோல எடுத்தா."

எடுத்துக் கொடுத்தேன். அவள் திமிறினாள், கத்தினாள், நான் பிடித்துக்கொண்டேன். ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு அம்மா அந்த ஈரத்துணியை ஒரே வெட்டாக வெட்டினார். உள்பக்கம் கறுப்புப் புள்ளியாகப் பூத்திருந்தது, நாற்றம் குடலைப் பிடுங்கியது. "முருகன் கேட்டான்னா அம்மாதான் வெட்டினாங்கன்னு சொல்லு. நான் பேசிக்கிறேன் அவன்கிட்ட," என்று சொல்லிவிட்டு அம்மா படுத்துவிட்டார்.

அதற்குப்பின் டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது, நடத்தினேன். குளித்ததும் சுத்தமான துண்டால் ஒற்றி ஒற்றி நன்றாகக் காயவைக்கவேண்டும், மடிப்புகளில் ஈரம் நிற்கக்கூடாது. சிவந்த ஓரத்தையும் தாண்டி இரண்டு விரல் தள்ளிக் கிரீம் தடவவேண்டும். பரவிவிட்டதால் மாத்திரையும் உண்டு. படை மறைந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தக்கூடாது, மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை பூசவேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும். அவளுக்குத் தனித் துண்டு, தளர்வான பருத்தித் துணி. வியர்த்தால் உடனே மாற்றவேண்டும். பாய், போர்வை, உள்ளாடை எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டேன். கூடவே படுக்கிறவள் என்பதால் என் கை கால் முதுகையும் கிளினிக்கில் பார்த்தார்கள். எனக்கும் அக்குளில் ஒரு வட்டம் இருந்தது. நான் சூப்பர்வைசரைத் திட்டியதால் வந்திருக்கும்!

அந்தப் பெல்ட்டடி வாங்கிய பையன் வீட்டுக்கும் போனேன். கிரீமின் பெயரை அவன் அப்பாவிடம் சொல்லி, "இதப் பூசுங்க, பெல்ட்டப் பூசாதீங்க" என்றேன். கதவைச் சாத்திவிட்டார். அவன் அம்மா பின்னாலேயே படியிறங்கி வந்து பெயரை மறுபடி கேட்டுக்கொண்டு போனாள்.

பூசம் வந்தது. ஷாமினியைக் குழுவில் சேர்க்கவில்லை. மற்ற பிள்ளைகள் பால்குடத்தோடு போனபோது அவள் சன்னல் பக்கமே வரவில்லை. படை மறைந்துகொண்டே வந்தது, பிள்ளைதான் தேறவில்லை. அம்மா இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பூசம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது. அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் என் விரல்களை நசுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வெளியே வந்து, கட்டி மொத்தமும் எடுத்தாகிவிட்டது, கெட்ட கட்டி இல்லை, அம்மா கண் விழித்துவிட்டார் என்று சொன்னபோது ஷாமினி ஓங்கி அழுதாள். பக்கத்து பெஞ்சில் இருந்த சீனப் பாட்டி கெட்ட செய்தி என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மறுநாள் சாமி வந்தார். வராமல் இருப்பாரா? ஆப்பிள், பார்லித் தண்ணி, அம்மாவுக்குப் பிடித்த ரஸ்க். வார்டு வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எப்படிம்மா இருக்காங்க அக்கா?"

"நல்லா இருக்காங்க. துணிய வெட்டியும் நல்லா இருக்காங்க."

அவர் பையைத் தரையில் வைக்கக் குனிந்தார். சட்டை ஏறியது. இடுப்பைச் சுற்றி அந்த மஞ்சள் துணி, பூசம் முடிந்தும் அவிழ்க்காமல். அதன் மேலும் கீழும் தோல் கருகி, தடித்து, யானைத்தோல் மாதிரி வெடித்திருந்தது. ஒரு மாதத்தில் இரண்டு மாதத்தில் வந்தது இல்லை அது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். மெதுவாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்ததும் உண்மைதான். ஆனால் அதைவிட வேகமாக வேறொன்று வந்தது.

"நீங்க என்ன தப்பு பண்ணினீங்க சாமி?"

வேண்டுமென்றே எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அவர் கோபப்படுவார், இல்லை தலையைக் குனிவார் என்று நினைத்தேன். அவர் நேராக என்னைப் பார்த்தார்.

"தெரியலம்மா," என்றார். "எத்தனையோ வருஷமா தேடுறேன். ஒண்ணு ஒண்ணா நெனச்சுப் பாத்துட்டேன். அதுவா இருக்குமோ, இதுவா இருக்குமோன்னு. உன் தங்கச்சி குடுத்து வச்சவ. அவளுக்கு என்னன்னு தெரிஞ்சுது, ஆறிடுச்சு."

"அய்யோ சாமி, அது ஆறினது மருந்துல! காளான் சாமி அது, வெறும் காளான். ஈரத்துல வர்றது. துணிய அவுத்துப் போட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க, உங்களுக்கும் ஆறிடும்!"

கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அதை நான் பார்த்தேன்.

"பூசி ஆறிட்டா," என்றார், "அப்புறம் எனக்கு எப்படிம்மா தெரியும்?"

இத்தனை வருஷம் இதைத் தூக்கிக்கொண்டுதான் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு திரிந்தாரா இந்த மனுஷன்? அதைக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வார்டு கதவு திறந்தது.

"அக்கா, அம்மா கூப்பிடறாங்க," என்று சொல்லிக்கொண்டே ஷாமினி வெளியே வந்தாள். அவரைப் பார்த்தாள். அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. அந்த இடம் ஆறிச் சுத்தமாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சாமி அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். நலம் விசாரிக்கத்தான் திறந்தாரோ என்னவோ. நான் போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன்.

"ஒண்ணும் கேக்காதீங்க சாமி," என்றேன். "போயிடுங்க."